சார்ந்ததன் வண்ணமாதல்: கலக்சித் தொகையுட் புகும் சிறு கலக்சிகள்

சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சைவசித்தாந்தம் பயின்றோர்க்கு நன்கு பழகிய தொடர். படிகக்கல் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறம்போலக் காட்டுதல் போன்று, உயிரும் தான் சார்ந்ததன் இயல்பை மேற்கொள்ளும் என்பது அதன் கருத்து. உயிரைப் பற்றிய இத்தொடரை உயிரற்ற வான்பொருள்களுக்கு ஏற்றிக் கூறுதல் தகுமோ என ஐயுறுவார் உளராகலாம். அவ்வையம் நியாயமானதே. இத்தொடர் எத்துணைத் தூரம் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாதொழியும் என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

கோடிக்கணக்கான விண்மீன்களும், அவற்றிடையே பரந்த வாயுவும் தூசும், கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருளும் ஈர்ப்பினால் ஒருங்கு கூடி நிற்கும் கூட்டத்தை வழக்குப்படியே கலக்சி என்பாம். நம் ஞாயிறு உறைகின்ற பால்வீதி அத்தகைய கலக்சிகளுள் ஒன்று. கலக்சிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஓரிடத்துக் கூடி நிற்பதைக் கலக்சித் தொகை என்பாம். இத்தகைய தொகையொன்றினுள் வெளியிலிருந்து ஒரு சிறு கலக்சி வீழ்ந்தால் அதற்கு நேர்வது யாது என்பதே வினா.

இவ்வினாவுக்குத் தமிழில் எளிதாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. பெரியது சிறியதை விழுங்கும் என்பதே அது. செய்தித்தாட் குறிப்பிலும் மாணவர் மன்றச் சொற்பொழிவிலும் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் உவமையோடு இவ்விடை வருதலைக் காணலாம். கேட்போர்க்கு இனிதாயும் நினைவில் நிற்பதாயும் உள்ள இவ்விடை பெரும்பாலும் பிழையானது. சிறு கலக்சி தொகையினுட் பெரும்பாலும் விழுங்கப்படுவதில்லை, வற்றுகின்றது. அதன் உடல் நிற்க, அதன் வருங்காலம் பறிபோகின்றது. விழுங்குதலும் வற்றுதலும் வெவ்வேறு செயல்கள். வெவ்வேறு காரணங்களால் நிகழ்பவை. ஒன்றை மற்றொன்றாகக் கூறுவோன் உண்மையை இழக்கின்றான் என்பதை நிறுவ முயல்வாம்.

தொகையின் இயல்பு

நமக்கு அண்மையிலுள்ள பெருந்தொகை கன்னித் தொகையாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு அதைக் காட்டுதல் எளிது. சித்திரை மாதத்து முன்னிரவு கழிந்தபின், சித்திரை என்னும் விண்மீனுக்கு வடமேற்கே, உத்தரம் என்னும் விண்மீனுக்குக் கிழக்கே, ஏறக்குறைய நம் தலைக்கு நேரே அத்தொகை வந்து நிற்கும். அதன் நடுவண் உள்ள எம் 87 என்னும் பெருங்கலக்சி, யாழ்ப்பாண நகரின் உச்சிப்புள்ளிக்கு மூன்று பாகையினும் குறைந்த தூரத்திற் கடந்து செல்வது. 1848இல் ஹொய்சிங்ரன் பாதிரியார் கீழைத்தேய வானநூலைப் பற்றிய தம் நூலை யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளியிட்டபொழுதும் இத்தொகை இவ்வாறே நம் தலைமேல் நின்றது. மெசியே என்னும் பிரெஞ்சு வானியலார் அதனுட் பலவற்றை 1781இலேயே முகிற்புள்ளிகளாகக் குறித்திருந்தார். எனினும் அவை ஒவ்வொன்றும் ஓர் உலகத்தொகுதி என்பது அக்காலத்தில் நிறுவப்படவில்லை.

கன்னித் தொகை நமக்கு ஏறக்குறைய 5.4 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் உள்ளது. 1985இல் பிங்கெலி, சாண்டேஜ், தம்மான் ஆகிய மூவரும் வெளியிட்ட அட்டவணை 1,200க்கு மேற்பட்ட கலக்சிகளை அதன் உறுப்புக்களாகக் கொண்டது. அவற்றுட் பெரும்பாலானவை சிறு கலக்சிகளே. இவ்வெண்ணிக்கையை மட்டும் நோக்குவோன் தொகையென்பது கலக்சிகளின் திரட்சி என்றே எண்ணுவான். உண்மை வேறு. ஒரு பெருந்தொகையின் பொருண்மையை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய எண்பத்தைந்து பங்கு கரும்பொருள். எஞ்சியதிற் பெரும்பங்கு கலக்சிகளுக்கிடையே பரந்து நிற்கும் வெவ்விய வாயு. கலக்சிகளில் ஒளிரும் விண்மீன்களுக்குரியன சில பங்குகளே. ஊரிலுள்ள வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு ஊரைச் சூழ்ந்த காற்றை மறந்தாற்போன்றது, கலக்சிகளை மட்டும் எண்ணித் தொகையை அறிந்தோம் என்பது.

அவ்வாயுவின் வெப்பநிலை சில கோடிப் பாகை. அதன் ஐதோ நம் கற்பனைக்கு எட்டாதது. தொகையின் உட்பகுதியிற்கூட ஒரு கன மீற்றர் வெளியில் ஓராயிரம் துணிக்கைகள் அளவே அதில் உள்ளன. நாம் சுவாசிக்கும் வளியிலோ, அதே கன அளவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை 25 இலக்கங்களைத் தாண்டும். இத்துணை நொய்ய பொருள் ஒரு கலக்சியை என்செய்யும் என்ற வினா எழுதல் இயல்பு. அவ்வினாவுக்கு விடை கூறுமுன் பழைய கொள்கையை ஆராய்தல் முறையாகும்.

விழுங்கற் கொள்கை

தொகைகளின் நடுவில் வாயுவற்ற, புதுவிண்மீன் பிறவாத கலக்சிகள் மிகுந்திருத்தலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வானியலார் அறிந்திருந்தனர். அதற்குக் காரணங் கூறப் புகுந்த ஸ்பிற்சரும் பாடேயும் 1951இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். நெருக்கமான தொகையில் இரு கலக்சிகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். விண்மீன்களுக்கிடையே உள்ள தூரம் மிகப் பெரிதாதலின் அவை மோதாமலே கடந்துபோம். வாயு மட்டும் வாயுவோடு மோதி வெளியே வீழ்ந்துவிடும் என்பது அவர்தம் கருத்து. விண்மீனும் வாயுவும் ஒரே நிகழ்ச்சியில் வெவ்வேறு கதியடையும் என்பதை இக்கருத்து முதன்முதலிற் சுட்டியது. அவ்வளவில் அது பெருமதிப்புக்குரியது. ஆயினும் நேருக்கு நேரான இத்தகைய மோதல்கள் தொகையிற் காணப்படும் மாற்றத்தை முழுவதும் விளக்கப் போதியன அல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அறிவியலில் ஒரு கொள்கை கைவிடப்படுதல் அதை உரைத்தார்க்கு இழுக்கன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, மக்கள் வழக்கில் உள்ள விழுங்கல் உவமையை நோக்குவாம். ஒரு கலக்சி மற்றொன்றை விழுங்கவேண்டுமாயின் இரண்டும் மெல்ல நெருங்குதல் வேண்டும். விரைந்து செல்லும் பொருளை ஈர்ப்புப் பற்றி நிறுத்தமாட்டாது. பெருந்தொகையினுட் கலக்சிகள் செக்கனுக்கு ஆயிரங் கிலோமீற்றர் அளவான வேகத்தில் ஓடுகின்றன. இவ்வேகத்தில் ஓடும் இரண்டு ஒன்றையொன்று அணுகினும் கடந்தேகுமேயன்றிக் கூடி ஒன்றாதல் அரிது. விழுங்குதல் மிகுதியும் நிகழ்வது, கலக்சிகள் மெல்லச் செல்லும் சிறு கூட்டங்களிலேயாம். கூட்டம் பெரிதாகப் பெரிதாக விழுங்குதல் அருகுகின்றது. எனவே மீன் உவமை, எவ்விடத்தைக் குறித்துக் கூறப்படுகின்றதோ அவ்விடத்திலேயே வலிமை குன்றிநிற்கின்றது.

ஈண்டு ஒரு விலக்கையும் கூறிவிடுதல் நேர்மையாகும். தொகையின் நடுவண் நிற்கும் பெருங்கலக்சி, தன்னருகே மெல்ல வந்தடைவனவற்றை உண்டு பெருத்தல் உண்மையே. சில சிறு கலக்சிகளின் புறவுடல் பெருங்கலக்சியின் ஈர்ப்பினாற் கிழிபட, நடுமணி மட்டும் எஞ்சுதலும் உண்டு. கன்னித் தொகையில் எம் 60 என்னும் கலக்சியின் அருகே உள்ள மிகச் செறிந்த சிறு பொருளொன்றில், ஏறக்குறைய இரண்டு கோடி ஞாயிறுகளின் பொருண்மையுள்ள கருந்துளை இருத்தலை 2014இல் அறிந்தனர். அது அச்சிறு பொருளின் மொத்தப் பொருண்மையில் ஏறக்குறைய 15 வீதம். இத்துணைச் சிறிய மனைக்கு இத்துணைப் பெரிய தூண் ஏன் என ஆராய்ந்தோர், அஃது ஒரு காலத்திற் பெருமனையாய் இருந்து சுவரெல்லாம் இழந்தது எனத் துணிந்தனர். இவை விலக்குக்கள். விதி வேறு.

எதிர்க்காற்று

1970ஆம் ஆண்டின் இறுதியில் ஏவப்பட்ட உகுரு என்னும் செய்மதி, பெருந்தொகைகளிலிருந்து எக்ஸ் கதிர்கள் பரந்து வெளிப்படுதலைக் காட்டியது. தொகையின் வெளி வெறுவெளியன்று, வெவ்விய வாயு நிறைந்தது என்பது அதனால் உறுதிப்பட்டது. 1972இல் கன், கொற் என்னும் இருவர் இதிலிருந்து ஒரு முடிவை வருவித்தனர். வாயு நிறைந்த வெளியினூடே விரைந்தோடும் கலக்சிக்கு எதிர்க்காற்று உண்டு. அவ்வெதிர்க்காற்றின் அமுக்கம் கலக்சி தன் வாயுவைப் பிடித்திருக்கும் ஈர்ப்பினும் மிகும்பொழுது அவ்வாயு உரிந்து போகும் என்பதே அம்முடிவு.

இதனை விளங்கிக்கொள்ளப் பெருங்கருவி வேண்டுவதில்லை. காற்றே இல்லாத நாளிலும், துவிச்சக்கரவண்டியில் விரைந்து செல்வோன் முகத்திற் காற்று மோதுகின்றது. வேகம் இருமடங்கானால் அமுக்கம் நான்கு மடங்காகின்றது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகின்றது. செக்கனுக்கு ஆயிரங் கிலோமீற்றர் செல்லும் கலக்சிக்கு, அத்துணை நொய்ய வாயுவும் புயலாகின்றதற்குக் காரணம் இதுவே. முன்னர் எழுந்த வினாவுக்கு விடை வாயுவின் அடர்த்தியில் இல்லை. கலக்சியின் வேகத்தில் உள்ளது.

சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்திற் பனந்தோப்பை நோக்குக. காய்ந்த ஓலை பறக்கின்றது, மரம் நிற்கின்றது. எதிர்க்காற்றுக்கு உட்பட்ட கலக்சியிலும் வாயுவே அகல்கின்றது. விண்மீன்கள் நின்றாங்கே நிற்கின்றன. விண்மீன் செறிந்த உருண்டை. காற்று அதனை அசைக்க வல்லதன்று. ஆயின் புதிய விண்மீன்கள் பிறப்பது அவ்வாயுவிலிருந்தே. எனவே உள்ள விண்மீன்கள் உள்ளவாறு நிற்க, இனிப் பிறக்க வேண்டியவை பிறவாதொழிகின்றன. நீலநிறத்து இளவிண்மீன்கள் குறுகிய வாழ்நாளை உடையனவாதலின் முதலில் அவியும்; செந்நிறத்து முதுவிண்மீன்களே எஞ்சும். கலக்சி மெல்ல நிறம் மாறுகின்றது.

சிறு கலக்சி ஏன் மிகுதியும் துன்புறுகின்றது என்பதும் இதனாற் புலப்படும். பெருங்கலக்சியின் ஈர்ப்பு வலியது. அதன் விளிம்பிலுள்ள வாயு போயினும் நடுவிலுள்ளது எஞ்சும். சிறு கலக்சியின் பிடி தளர்ந்தது. ஒருமுறை தொகையின் உட்பகுதியைக் கடந்து செல்வதற்குள் அதன் வாயு முழுவதும் போய்விடலாம். காற்று இருவர்க்கும் ஒன்றே; பிடியே வேறு.

இது வெறுங்கணக்கன்று என்பதற்குச் சான்று கன்னித் தொகையிலேயே உண்டு. ஐ.சி. 3418 என்னும் சிறு கலக்சி அத்தொகையினுள் வீழ்ந்துகொண்டிருக்கின்றது. அதன் உடலில் விண்மீன் பிறப்பு ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நின்றுவிட்டது. ஆனால் அதன் பின்னே ஏறக்குறைய 55,000 ஒளியாண்டு நீண்ட வாலொன்று உள்ளது. அவ்வாலில், உரிந்து சென்ற வாயுவிலிருந்து இளவிண்மீன்கள் முடிச்சு முடிச்சாகப் பிறந்துள்ளன. உருவொழுங்கற்ற சிறு கலக்சியொன்று வாயுவற்ற நீள்வளையச் சிறு கலக்சியாக மாறும் நிலையை நாம் இதிற் காண்கின்றோம். முன்னிலையும் பின்னிலையும் பலவாகக் காணப்படும்பொழுது, இடைநிலை ஒன்று கிடைத்தல் ஆராய்ச்சியாளனுக்குப் பெறற்கரிய பேறாகும்.

இந்தியாவின் ஆய்வும் இத்துறைக்கு உதவியுள்ளது. 2015 செப்ரெம்பர் 28ஆம் நாள் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாற் செய்மதியில் உள்ள ஊதாக்கடந்த கதிர்த் தொலைகாட்டி, ஏபெல் 85 என்னும் தொகையினுள் வீழும் ஜே.ஓ. 201 என்னும் கலக்சியை நோக்கிற்று. அதன் பயனாக 2018இல் வெளிவந்த ஆய்வு, அக்கலக்சியினின்று உரிந்து செல்லும் வாயுவில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருத்தலைக் காட்டியது. ஐ.சி. 3418 போலன்றி இது பெருங்கலக்சி. எனினும் எதிர்க்காற்றின் செயல் இரண்டினும் ஒன்றே. ஊதாக்கடந்த கதிர் இளவிண்மீன்களின் அடையாளமாகும். அக்கதிரை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், வானுக்கு அப்பாற் சென்ற கருவியே அதனை முறையாகக் காணவல்லது.

வரத்தறுதல்

எதிர்க்காற்று ஒன்றே காரணம் என்று முடித்துவிடுவோரும் உளர். அதுவும் குறைபாடுடைய முடிவே. தொகையின் வெளிப்புறத்தில், எதிர்க்காற்று வலிமை பெறாத இடத்திலும், விண்மீன் பிறப்புக் குன்றிய கலக்சிகள் காணப்படுகின்றன. அவற்றுக்கு வேறொரு விளக்கம் வேண்டும். 1980இல் லார்சன், ரின்ஸ்லி, கோல்ட்வெல் ஆகியோர் அத்தகைய விளக்கம் ஒன்றை உரைத்தனர்.

ஆறில்லாத நம் குடாநாட்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. நம் கிணற்று நீர் கிணற்றுக்கு உரியதன்று. மாரியிற் பெய்த மழை சுண்ணக்கல்லினூடே இறங்கித் தங்கிய நீரே அது. ஒருவரும் கிணற்றைத் தூர்க்க வேண்டுவதில்லை. மழை தவறினாற் போதும். இறைப்பு இறைத்தபடியிருக்கக் கிணறு சில காலத்தில் வற்றும். கலக்சியும் அத்தகையதே. தன்னைச் சூழ்ந்த பரந்த வாயுவுறையிலிருந்து சிறிது சிறிதாக வாயு உள்ளே இறங்குதலாலேயே அது நெடுங்காலம் விண்மீன்களைப் பிறப்பிக்க வல்லதாகின்றது. தொகையினுட் புகுந்த கலக்சி அவ்வுறையை இழக்கின்றது. உள்ளே உள்ள வாயு அப்போதைக்கு அப்படியே இருக்கும். ஆயின் வரத்து அறுந்துவிட்டது. இருப்பதைச் செலவிட்டுப் பலகோடி ஆண்டுகளில் அது ஓய்கின்றது.

இவ்விரு காரணங்களையும் பிரித்தறிதல் எவ்வாறு? வரத்தற்ற கிணற்றில் நீர் குறையக் குறைய அதிலுள்ள உவர் மிகும். மழைநீர் வந்து கலவாமையே காரணம். அதுபோல விண்மீன்கள் ஆக்கி வெளியிடும் பார மூலகங்கள், புதுவாயு வந்து கலவாத கலக்சியில் மிகுந்து நிற்கும். வாயு ஒரே வீச்சில் அகன்ற கலக்சியில் அவ்வாறு மிகுவதற்குக் காலமில்லை. பெங், மயோலினோ, கொக்கிரன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இவ்வளவையைக் கையாண்டது. ஓய்ந்த கலக்சிகளுட் பல பார மூலகம் மிக்கனவாய் இருத்தலைக் கண்டு, வரத்தறுதலே அவை ஓய்ந்தமைக்குத் தலைமைக் காரணம் என அவர்கள் கூறினர். தொகைகளில் மட்டுமன்றிப் பொதுவாகக் கலக்சிகளைப் பற்றியது அம்முடிவு. எனினும் காரணங்களைப் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு என்பதை அது நமக்குக் கற்பித்தது.

அலைப்பு

மூன்றாவது காரணம் உருவத்தைப் பற்றியது. எதிர்க்காற்றும் வரத்தறுதலும் வாயுவைக் குறைப்பனவே. விண்மீன்களின் ஒழுங்கை அவை குலைப்பதில்லை. சுருள்கைகளோடு தட்டையாய் இருந்த கலக்சி, ஒழுங்கான நீள்வளையத் திரளாக மாறுதற்கு வேறு செயல் வேண்டும். 1996இல் மூரும் அவர்தம் துணைவரும் கூறிய விளக்கம் இது: தொகையினுட் சுற்றிவரும் சிறு கலக்சியைப் பெருங்கலக்சிகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, விரைந்து கடந்து செல்கின்றன. ஒவ்வொரு கடப்பிலும் ஈர்ப்பு அதனைச் சிறிது உலுக்குகின்றது. ஓர் உலுக்கினால் ஒன்றும் ஆகாது. பலவற்றால் மெல்லிய தட்டுப் பருத்துத் திரளாகின்றது.

இதற்கும் ஓர் இனிய சான்றுண்டு. கன்னித் தொகையிலுள்ள ஐ.சி. 3328 என்னும் சிறு கலக்சி, நோக்குவோர்க்கு அமைதியான நீள்வளையத் திரளாகவே தோன்றிற்று. 2000ஆம் ஆண்டில் ஜெர்ஜன், கல்னாய்ஸ், பிங்கெலி ஆகியோர் அதன் படத்திலிருந்து ஒழுங்கான ஒளியைக் கழித்து எஞ்சியதை நோக்கியபொழுது, இரு கைகளையுடைய மெல்லிய சுருள் ஒன்று புலப்பட்டது. திரளுக்குள் தட்டு மறைந்திருந்தது. மாற்றம் எய்திய பின்னும் பழைய உருவின் சுவடு முற்றும் அழிந்திலது.

இயல்போ, சார்போ?

இதுகாறும் கூறியவை காரணங்கள். ஆயின் திறனாய்வாளன் இவற்றுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றுண்டு. தொகையிலுள்ள கலக்சிகள் தொகையினால் மாறியனவோ, அன்றி மாறிய இயல்போடு பிறந்தவை தொகையிற் கூடினவோ? இரண்டு பொருள்கள் ஓரிடத்துச் சேர்ந்து காணப்படுதல், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்குப் போதிய சான்றாகாது. இதனை மறத்தல் மாணாக்கரிடம் மட்டுமன்றி ஆசிரியரிடமும் காணப்படும் குற்றம்.

1980இல் டிரெஸ்லர் 55 தொகைகளை ஆராய்ந்து, நெருக்கம் மிகுந்தோறும் சுருட்கலக்சிகள் அருகுதலைக் காட்டினார். இது சேர்ந்து காணப்படுதலே; காரணம் அன்று. 1978இல் புச்சரும் ஓம்லரும் மிகத் தொலைவிலுள்ள தொகைகளில் நீலக் கலக்சிகள் மிகுந்திருத்தலைக் கண்டனர். தொலைவை நோக்குதல் பழமையை நோக்குதலாதலின், காலம் செல்லச் செல்லத் தொகையின் உறுப்புக்கள் மாறின என்பது இதனாற் பெறப்பட்டது. இஃது ஒருபடி முன்னேற்றம். எனினும் காலத்தால் மாறினவோ, சார்பால் மாறினவோ என்னும் ஐயம் அப்பொழுதும் எஞ்சியிருந்தது.

அவ்வையத்தைச் சிறு கலக்சிகளைப் பொறுத்தவரையில் நீக்கியது 2012இல் கேகாவும் துணைவரும் செய்த ஆய்வு. பெருங்கலக்சிகளினின்று ஏறக்குறைய 50 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் தனித்து வாழும் சிறு கலக்சிகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஒரு கோடி முதல் நூறு கோடி ஞாயிறுகளின் அளவு விண்மீன்களை உடைய அவற்றுள், விண்மீன் பிறப்பு ஓய்ந்தவை 0.06 வீதத்தினும் குறைவு என்பது அவ்வாய்வின் முடிவு. அதாவது இவ்வளவான சிறு கலக்சி, தனித்திருக்குமாயின், தானாக ஓய்வதில்லை என்றே கொள்ளலாம். ஓய்ந்த சிறு கலக்சியைக் கண்டால் அருகே ஒரு பெரியது இருத்தல் வேண்டும். பெருங்கலக்சிகளின் கதை வேறு. அவை தம் பருமையினாலேயே ஓய்தலும் உண்டு. 2010இல் பெங்கும் துணைவரும் இவ்விரு வகை ஓய்வுகளையும் பிரித்துக் காட்டியுள்ளனர். எனவே இயல்போ சார்போ என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை: பெரியதற்கு இயல்பும், சிறியதற்குச் சார்பும் மேலோங்கி நிற்கும்.

சொற்களைப் பற்றி

இத்துறையில் ஆங்கிலத்தார் ஆக்கிய சொற்கள் சில, மனிதர் மனிதர்க்கு இழைக்கும் கொடுமைகளின் பெயர்களாக உள்ளன. வரத்தறுதலுக்கு அவர் இட்ட பெயர் கழுத்தை நெரித்தல் என்னும் பொருளது. அலைப்புக்கு இட்ட பெயர் தொல்லை கொடுத்தல் என்னும் பொருளது. அவற்றைச் சொல்லுக்குச் சொல்லாகத் தமிழில் இறக்கினால், செயலற்ற ஓர் இன்மையைச் செயல்மிக்க ஒரு வன்முறையாகக் காட்டியவராவோம். வரத்தறுதலில் நெரிப்போர் எவருமிலர். வரவேண்டியது வரவில்லை, அவ்வளவே. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயிலிருந்து மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியர், பிறமொழிச் சொல்லுக்கு ஈடுதேடும்பொழுது பொருளையே முதற்கண் நோக்கவேண்டும் என்பதைத் தம் நூல்களாற் காட்டிச் சென்றார். அந்நெறி வானநூலுக்கும் உரியது. ஆதலின் எதிர்க்காற்றுரிவு, வரத்தறுதல், அலைப்பு என இக்கட்டுரையில் வழங்கிய சொற்களை ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்கு முன்வைக்கின்றோம். இவற்றினும் பொருத்தமானவை கிடைக்குமாயின் ஏற்றுக்கொள்வோம்.

ஒப்புமையின் எல்லை

இறுதியாக ஒன்று. தொகையைக் கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ முதலிய பெருநகராகவும், சிறு கலக்சியை நம் ஊரை விட்டுச் சென்ற இளைஞராகவும் ஒப்பிட்டு உருகுவார் உளர். நம்முள் எத்தனையோ குடும்பங்களின் துயரம் அவ்வொப்பீட்டின் பின்னே உள்ளது. அதனை எள்ளுதல் நம் கருத்தன்று. எனினும் ஒப்பீடு உண்மையன்று. கலக்சி தன் வீழ்ச்சியைத் தெரிந்து கொண்டதன்று, மறுக்கவும் வல்லதன்று. மனிதனோ தான் சாரும் பொருளை ஆராயவும், சார்ந்த பின்னும் தன் மொழியையும் நினைவையும் பேணவும் வல்லவன். ஈர்ப்பு விதியை அவன் மேல் ஏற்றுவோர், அவன் துயரத்தையும் விளக்கவில்லை. கலக்சியின் கதையையும் விளக்கவில்லை.

இனி, நாம் தொடங்கிய தொடருக்கே மீள்வாம். படிகம் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும்; அப்பொருளை அகற்றியவுடன் தன் தெளிவை மீளவும் பெறும். தொகையினுட் புகுந்த சிறு கலக்சிகளுட் சில, நடுப்பகுதியைக் கடந்து ஓடி மீண்டும் தொகையின் வெளிப்புறத்தை அடைகின்றன. அங்கே எதிர்க்காற்று இல்லை; நெருக்கமும் இல்லை. ஆயினும் அவை தம் பழைய நிறத்தை மீளப் பெறுவதில்லை. உரிந்த வாயு திரும்புவதில்லை; அறுந்த வரத்துப் பழையபடி தொடர்வதில்லை. சார்ந்ததன் வண்ணமாயின, சார்பு நீங்கியும் அவ்வண்ணமே நின்றன. ஆதலின் நம் தொடர் இவ்வான்பொருள்களுக்குப் பாதியே பொருந்துவதாயிற்று. படிகம் திரும்பிவரும், கலக்சி திரும்பிவராது. பாதி பொருந்தும் உவமையை முழுதும் பொருந்துவதாகக் கொள்ளாமை ஆராய்ச்சியின் முதற்பாடம். கட்டுரையின் தலைப்பாக அமைந்த தொடரும் அப்பாடத்துக்கு விலக்கன்று.